சூடு எங்கே போகிறது?

ஒரு மின்தேக்கி, இரண்டே கால்கள். போர்டில் செருகிப் பின்பக்கம் திருப்பி, சால்டரிங் அயர்னை முதல் காலில் வைத்து ஈயக் கம்பியை நீட்டினால் பட்டவுடன் உருகுகிறது. காலைச் சுற்றி வழுவழுவென்று ஓடி, துளையின் விளிம்புவரை படர்ந்து, பளபளவென்று உறைகிறது. ஒரு வினாடி வேலை. அடுத்த கால் அரை சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. அதே அயர்ன், அதே ஈயம், அதே கை. ஆனால் இங்கே ஈயம் ஓட மாட்டேன் என்கிறது. அயர்னின் முனைத்துண்டான பிட்டின் நுனியிலேயே உருண்டு நிற்கிறது. வற்புறுத்தித் தேய்த்தால் மங்கிய சாம்பல் நிறத்தில் கட்டியாக உறைகிறது. சில சமயம் பிட்டும் போர்டோடு ஒட்டிக்கொள்கிறது.

எலக்ட்ரானிக்ஸில் கை வைத்த எல்லோருக்கும் தெரிந்த காட்சி. சென்னை ரிச்சி தெருவில் போய்ச் சொன்னால் வரும் பதிலும் தெரிந்ததுதான்: "இருபத்தஞ்சு வாட் பத்தாது சார், அறுபது வாட் எடுத்துக்கோங்க." இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தெரிந்துவிட்டால், கடையில் நாம் கேட்கும் கேள்வியே மாறிவிடும்.

ஈயம் ஓடுகிறது என்றால் உள்ளே என்ன நடக்கிறது? அங்கிருந்து தொடங்குவோம். ஈயம் என்று நாம் சொல்லும் கம்பியில் வெள்ளீயம்தான் அதிகம். கடைகளில் பரவலாகக் கிடைப்பது 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கொண்டது. வெள்ளீயம் தனியாக உருக 232 டிகிரி செல்சியஸ் வேண்டும், காரீயத்துக்கு 327. இரண்டையும் கலந்தால் இரண்டையும்விடக் குறைந்த சூட்டில் இளகுகிறது. 63-க்கு 37 என்ற விகிதத்தில் 183 டிகிரியில் சட்டென்று உருகி, அதே 183-இல் சட்டென்று உறைகிறது. இதைத் தாழ்உருகு கலவை என்று சொல்லலாம். 60-40 கம்பி அப்படியில்லை. 183-க்கும் 190-க்கும் இடையே பாதி திடமும் பாதி திரவமுமாகக் கொஞ்ச நேரம் தயங்குகிறது. அந்த நேரம் பார்த்துக் கால் அசைந்தால், உள்ளே விரிசலோடு உறைந்துபோகும். டிவி மெக்கானிக்குகள் 'டிரை சால்டர்' என்று சொல்லும் பழுதில் இது ஒரு வகை. காசு கொஞ்சம் கூடினாலும் 63-37 வாங்குவதே நல்லது என்பது என் கட்சி.

உருகிய ஈயம் செம்பின்மேல் படர்வதற்கு ஈரமாதல் என்று பெயர். பசை ஒட்டுவதுபோலத் தோன்றினாலும் நடப்பது வேதிவினை. வெள்ளீய அணுக்கள் செம்போடு சேர்ந்து ஒரு புதிய சேர்மத்தை உண்டாக்குகின்றன: ஆறு செம்பு அணுக்களுக்கு ஐந்து வெள்ளீய அணுக்கள். இதை இடைஉலோகச் சேர்மம் என்பார்கள். நல்ல இணைப்பில் இந்தப் படலத்தின் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத இந்தப் படலம் உருவானால்தான் இணைப்பு. உருவாகவில்லையென்றால் செம்பின்மேல் ஈயம் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே.

இது எப்படித் தெரியும்? இணைப்பைக் குறுக்காக வெட்டி, கண்ணாடி போல மெருகேற்றி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். செம்புக்கும் ஈயத்துக்கும் நடுவே, ஈயத்தின் பக்கம் மேடுபள்ளமாக நெளிந்த விளிம்போடு அந்தப் படலம் தனியாகத் தெரிகிறது. எலக்ட்ரான்கள் மோதும்போது வெளிவரும் எக்ஸ் கதிர்களை அளந்தால், எந்த இடத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு என்பதும் கிடைத்துவிடும். வீட்டிலேயே ஒரு சின்னச் சான்று உண்டு. சால்டர் செய்த செம்புப் பட்டையிலிருந்து, செம்பு வலைப் பின்னலான விக்கை வைத்து ஈயத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பட்டை பழைய செம்பு நிறத்துக்குத் திரும்பாது, வெளுத்தே இருக்கும். எவ்வளவு உறிஞ்சினாலும் போகாத அந்த வெண்மையில் இந்தச் சேர்மமும் இருக்கிறது.

வினை நடக்க வேண்டுமானால் செம்பின் மேற்பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும். காற்றுப்பட்ட செம்பின்மேல் எப்போதும் ஆக்சைடு படிந்திருக்கும். அதைக் கரைத்து விலக்குவது இளக்கி, கடைமொழியில் ஃப்ளக்ஸ். பொற்கொல்லர் பற்றாசு வைத்து ஊதும்போது வெண்காரம் போடுவதும் இந்த வேலைக்குத்தான். நம் கம்பியின் நடுவிலேயே பைன் மரப் பிசினிலிருந்து எடுத்த ரோசின் ஓடுகிறது. அயர்னை வைத்ததும் எழும் வெள்ளைப் புகை அந்த ரோசினின் புகை; காரீயம் 350 டிகிரியில் ஆவியாவதில்லை, அது கொதிக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் ரோசின் புகையே ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது. காரீயம் உடம்புக்குள் போகும் வழி விரல்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கை எடுக்கக் கூடாது.

ரோசினுக்கு இன்னொரு குணம்: சூட்டில் கொஞ்ச நேரம்தான் தாங்கும். கருகிவிட்டால் பிறகு உதவாது. ஆக நமக்குக் கிடைப்பது குறுகலான ஒரு நேரம். செம்பும் காலும் 183-ஐத் தாண்டி, இன்னும் ஒரு ஐம்பது அறுபது டிகிரி ஏற வேண்டும். ரோசின் தீர்வதற்குள் ஏற வேண்டும். ஏறியபின் நீண்ட நேரம் அங்கேயே இருக்கவும் கூடாது. இருந்தால் அந்த இடைஉலோகப் படலம் தடிக்கும். அது நொறுங்கும் தன்மை உடையது. போர்டின் கண்ணாடியிழை எப்பாக்சியும் சாதாரண ரகமாக இருந்தால் 130, 140 டிகிரியிலேயே இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. அதற்குமேல் நெடுநேரம் சுட்டால் செம்புப் பட்டை பிய்ந்து கையோடு வரும். இரண்டு மூன்று வினாடிகளில் முடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

183-இல் உருகும் ஈயத்துக்கு அயர்னை ஏன் 350-இல் வைக்கிறோம் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. சூடு பாயும் வேகம் இரு பக்கத்து வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. பிட்டும் 200 டிகிரியில் இருந்தால், கால் அந்த உயரத்தை எட்டவே முடியாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். ரோசின் அதற்குள் தீர்ந்துபோகும்.

சரி, ஒரு இணைப்புக்கு எவ்வளவு வெப்பம் தேவை? ஒரு வாட் என்பது வினாடிக்கு ஒரு ஜூல். 50 மில்லிகிராம் ஈயத்தை அறை வெப்பத்திலிருந்து ஏற்றி உருக்க நாலு ஜூல்கூட வேண்டாம். கால், பட்டை எல்லாம் சேர்த்தாலும் பத்து ஜூலைத் தாண்டாது. 25 வாட் அயர்ன் வினாடிக்கு 25 ஜூல் தருகிறது. தாராளம். முதல் கால் ஒரு வினாடியில் முடிந்தது அதனால்தான்.

இரண்டாவது கால் மின்தேக்கியின் எதிர்முனை. அது சுற்றின் பொது இணைப்பான கிரவுண்டில் சேர்கிறது. இன்றைய போர்டுகளில் கிரவுண்ட் என்பது ஒரு மெல்லிய கோடு அல்ல. போர்டு முழுக்கப் பரவிய செம்புத் தகடு, சிலவற்றில் உள்ளுக்குள் பல அடுக்குகள். தகட்டின் தடிமன் பொதுவாக 35 மைக்ரான். அற்பமாகத் தோன்றும். ஆனால் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பரப்பில் அது மூன்று கிராம் செம்பு. அதை 150 டிகிரி ஏற்ற ஏறத்தாழ 180 ஜூல் வேண்டும். அடியில் இருக்கும் கண்ணாடியிழையின் கணக்கு தனி. செம்பு வெப்பத்தைக் கடத்துவது கண்ணாடியிழையைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். நாம் ஒரு புள்ளியில் ஊற்றும் சூட்டை அந்தத் தகடு நாலாபுறமும் இழுத்துக்கொண்டு போகிறது. தகடு முழுதும் சூடாக வேண்டும் என்பதில்லை. இழுத்துப் போவதைவிட வேகமாக நாம் கொடுத்தால் போதும். அந்த வேகம் இல்லாதபோது கால் 150, 160 டிகிரியிலேயே நின்றுவிடும், எத்தனை வினாடி பிடித்தாலும்.

போர்டு வடிவமைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். அதனால் கிரவுண்ட் துளையைச் சுற்றிச் செம்பைக் கொஞ்சம் நீக்கி, நாலு மெல்லிய பாலங்களால் மட்டும் தகட்டோடு இணைப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் துளையைச் சுற்றி ஒரு சிலுவைபோலத் தெரியும். அதிக மின்னோட்டம் போகும் இடங்களில் அதைச் செய்ய முடியாது. அங்கே பழைய மெக்கானிக்குகள் சூடான காற்றுத் துப்பாக்கியால் போர்டை முன்கூட்டியே 100 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டு அயர்னைத் தொடுவார்கள். ஏற வேண்டிய உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியாயிற்று. தகடு இழுப்பதும் குறைந்துவிடும்.

இப்போது அயர்னின் பக்கம் வருவோம். சமையலறையில் தோசைக்கல்லைக் கவனித்தவர்களுக்கு இந்த விஷயம் பாதி தெரிந்திருக்கும். கல்லில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன: இப்போது எவ்வளவு சூடாக இருக்கிறது, கல் எவ்வளவு கனம், அடியில் தீ எவ்வளவு. மாவை ஊற்றியதும் கல்லின் சூடு இறங்குகிறது. கனத்த இரும்புக் கல்லில் சேமிப்பு அதிகம், அதனால் கொஞ்சமாக இறங்கும். மெல்லிய கல்லில் சட்டென்று இறங்கும். இறங்கியது மறுபடி ஏற எவ்வளவு நேரமாகும் என்பது தீயைப் பொறுத்தது. ஓட்டலில் அடுத்தடுத்து ஊற்ற முடிவது அதனால்தான். ஆனால் தீயைப் பெரிதாக வைத்துவிட்டு மாஸ்டர் அப்பால் போய்விட்டால் கல் காய்ந்து, அடுத்த தோசை கருகும். அவர் நின்று, தண்ணீர் தெளித்து, சீறும் சத்தத்தைக் கேட்டு, தீயைக் குறைத்துக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

சாதாரண 25 வாட் அயர்ன், மாஸ்டர் இல்லாத அடுப்பு. பிளக்கைச் செருகினால் ஓயாமல் 25 வாட் உள்ளே போகிறது. சூடு ஏற ஏறக் காற்றுக்கு இழக்கும் வெப்பமும் கூடுகிறது. இழப்பும் 25 வாட்டைத் தொடும் இடத்தில் வெப்பநிலை நின்றுவிடும். அது 400 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அப்போது 25 வாட்டும் காற்றுக்குத்தான் போகிறது. வேலைக்கு மிச்சம் சுழியம். காலைத் தொட்டதும் முதலில் செலவாவது பிட்டின் சேமிப்பு. ஐந்து கிராம் செம்புப் பிட் 50 டிகிரி இறங்கினால் நூறு ஜூல் அளவுக்குக் கொடுக்கும். சின்ன இணைப்புக்கு அது தாராளம், எனவே நமக்கு எதுவும் உறைப்பதில்லை. பெரிய கிரவுண்டில் வைத்தால் சேமிப்பு கரைந்து பிட் 300-க்கு வருகிறது. காற்றுக்குப் போகும் இழப்பு வித்தியாசத்துக்கு ஏற்பக் குறைந்து சுமார் 18 வாட் ஆகிறது. அப்படியானால் இணைப்புக்குக் கிடைப்பது? ஏழு வாட். பெட்டியில் 25 என்று போட்டிருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் கைக்கு வந்தது ஏழு.

கடைக்காரர் சொன்ன அறுபது வாட்டை எடுத்தால் என்ன ஆகும்? கிரவுண்ட் கால் ஓடிவிடும். ஆனால் கட்டுப்பாடில்லாத அறுபது வாட், சும்மா ஸ்டாண்டில் கிடக்கும்போது மிக அதிகமாகக் காய்ந்துபோகும். பிட் கறுக்கும், கறுத்த பிட்டில் ஈயம் ஒட்டாது. அடுத்து ஒரு சின்ன ஐசி காலைத் தொட்டால் பட்டை பிய்யும். பெரிய தீ வேண்டும், அதோடு தீயைக் கவனிக்க ஆளும் வேண்டும். 350-இல் நிறுத்தி வைக்கத் தேவையான கொஞ்ச வாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, மிச்சத்தை இருப்பில் வைத்திருந்து, பிட் குளிரத் தொடங்கிய மறுகணம் முழுதும் திறந்துவிடும் கருவிதான் நமக்குத் தேவை. இழந்த சூட்டைத் திரும்பப் பெறும் இந்த வேகத்தை வெப்ப மீட்சி எனலாம். அயர்ன் தேர்வில் எல்லாமும் இதற்குள் அடக்கம் என்றே சொல்லுவேன்.

இதை அளந்தும் காட்டலாம். இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளின் முனைகளைச் சேர்த்து ஒரு சேர்முனையைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும். இந்த விளைவு 1821 முதல் தெரிந்தது. கண்டவர் தாமஸ் சீபெக். பக்கத்தில் திசைகாட்டி ஊசி திரும்புவதைப் பார்த்து, இது காந்த விளைவு என்றே அவர் நினைத்திருந்தார். இப்படிப்பட்ட கம்பி இணைக்கு வெப்ப மின்னிரட்டை என்று பெயர். பரவலான கே ரகத்தில் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். அயர்ன் பிட்டில் மயிரிழைத் துளையிட்டு இதைச் செருகி, வரிசையாகப் பெரிய இணைப்புகளைப் போட்டபடி வெப்பநிலையை வரைந்தால், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பள்ளம் விழும். பலவீனமான அயர்னில் ஒவ்வொரு பள்ளமும் முந்தையதைவிட ஆழமாகிக்கொண்டே போகும். மேடுகள் பழைய உயரத்தைத் தொடுவதேயில்லை. நல்ல அயர்னில் பத்தாவது பள்ளமும் முதல் பள்ளமும் ஒரே ஆழம். பெட்டியில் அச்சிட்ட வாட்டைவிட இந்த வரைபடம் நேர்மையானது.

தீயைக் கவனிக்கும் ஆளை எங்கே நிறுத்துவது என்பதில்தான் கம்பெனிகள் வேறுபடுகின்றன. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் 1921-இல் மின்சார அயர்னைத் தொழிற்சாலைப் பொருளாக்கிய காலத்தில் ஆளே கிடையாது. பின்னால் வந்த தீர்வுகளில் எனக்கு மிகப் பிடித்தது வெல்லர் கம்பெனியின் காந்தப் பிட். இரும்பு, நிக்கல் போன்றவை ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காந்தத்தால் ஈர்க்கப்படும் குணத்தை இழக்கின்றன. இதை 1895-இல் தம் ஆய்வேட்டில் விரிவாக எழுதிய பியர் கியூரியின் பெயரால் கியூரி வெப்பநிலை என்கிறோம். இரும்புக்கு 770 டிகிரி, நிக்கலுக்கு 355-ஐ ஒட்டி. கலவையை மாற்றினால் வேண்டிய அளவுக்குக் கொண்டுவரலாம். வெல்லர் பிட்டின் அடியில் அப்படியொரு கலவைத் துண்டு இருக்கும். பிட் குளிர்ந்திருக்கும்போது கைப்பிடிக்குள் உள்ள காந்தம் அதனிடம் இழுபட்டு சுவிட்சை மூடுகிறது. வெப்பம் கியூரி அளவைத் தொட்டதும் பிடி விட்டுப்போய், ஸ்பிரிங் காந்தத்தைப் பின்னே இழுக்கிறது, மின்சாரம் நிற்கிறது. 'டக்' என்ற சத்தம் கையிலேயே கேட்கும். சிப் கிடையாது, டிஸ்பிளே கிடையாது. வெப்பநிலையை மாற்ற வேண்டுமா, பிட்டை மாற்று.

அமெரிக்காவின் மெட்கால் இதே கியூரிப் புள்ளியை இன்னும் நுட்பமாகப் பிடித்தது. செம்புத் தண்டின்மேல் காந்தக் கலவையால் ஒரு மெல்லிய உறை. அதற்குள் வினாடிக்குக் கோடிக்கணக்கான முறை திசைமாறும் மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். அவர்களுடைய பழைய கருவிகளில் 13.56 மெகாஹெர்ட்ஸ். இவ்வளவு வேகமாக மாறும் மின்னோட்டம் கடத்தியின் உள்ளே நுழையாது, மேல்தோலிலேயே ஓடும்; காந்தப் பொருளாக இருந்தால் அந்தத் தோல் இன்னும் மெலியும். மெல்லிய தோலில் தடை அதிகம், எனவே சூடு அதிகம். கியூரி அளவு வந்ததும் உறையின் காந்த குணம் போகிறது. மின்னோட்டம் உள்ளே செம்புக்குள் பரவுகிறது. செம்பில் தடை குறைவு, சூடும் குறைந்துவிடுகிறது. பிட்டின் ஒரு ஓரம் மட்டும் குளிர்ந்தால் அந்த ஓரம் மட்டும் மீண்டும் காந்தமாகிச் சூட்டை இழுத்துக்கொள்ளும். அளக்கும் உறுப்பு என்று தனியாக ஒன்றுமே இல்லை. பொருளே தன்னைக் கவனித்துக்கொள்கிறது. விலை மட்டும் நம்மைப் போன்றவர்களைக் கவனிப்பதில்லை.

நாம் கடையில் பார்க்கும் சால்டரிங் ஸ்டேஷன்கள் பெரும்பாலும் வேறு வழியில் போகின்றன. ஜப்பானின் ஹாக்கோ 936 என்ற மாதிரியும், அதைப் பார்த்துச் செய்த எண்ணற்ற நகல்களும் ஒரு பீங்கான் சூடாக்கியின் உள்ளேயே வெப்ப உணரியை வைத்திருக்கின்றன. பிட் உள்ளீடற்ற குழாய். சூடாக்கிமேல் கழற்றி மாட்டலாம். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. சூடாக்கிக்கும் பிட்டுக்கும் நடுவே மெல்லிய காற்றிடைவெளி உண்டு. காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். டிஸ்பிளேயில் ஒளிரும் 350 உணரியின் வெப்பநிலை. வேலையில் இருக்கும் நுனி அதைவிட எவ்வளவோ கீழே இருக்கலாம், உணரிக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் நேரமும் ஆகும். நகல்களில் பிட்டின் உள்விட்டம் கொஞ்சம் பெரிதாக அமைந்துவிட்டால் இடைவெளியும் பெரிதாகிறது. டிஸ்பிளேயில் துல்லியமாக ஓடும் எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பேன்.

இதற்கு மாற்று, சூடாக்கி, உணரி, நுனி மூன்றையும் ஒரே துண்டாகச் சேர்த்த கார்ட்ரிஜ் பிட். ஹாக்கோவின் டி12, ஸ்பெயினின் ஜேபிசி பிட்டுகள் இந்த இனம். டி12-இல் வெப்ப மின்னிரட்டையும் சூடாக்கியும் ஒரே இரண்டு முனைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. கட்டுப்படுத்தும் சுற்று ஒரு கணம் மின்சாரத்தை நிறுத்தி, அந்த இடைவெளியில் மின்னிரட்டையின் மைக்ரோவோல்ட்டை வாசித்துவிட்டு, மறுபடி முழு மின்சாரத்தையும் விடுகிறது, ஓயாமல் இப்படியே. உணரி நுனிக்கு மிக அருகில் இருப்பதால் குளிர்ந்த செய்தி உடனே போய்ச் சேருகிறது. கைப்பிடியும் சிறுத்துவிட்டது.

வாட்டைப் பற்றிக் கேட்கும் நேரத்தில் பாதியையாவது பிட்டின் வடிவத்துக்குக் கொடுக்கலாம். சிறிய வேலைக்குக் கூர்முனைதான் ஏற்றது என்று தோன்றும். அயர்னோடு இலவசமாக வருவதும் அதுதான். ஊசிமுனை, காலை ஒரு புள்ளியில் மட்டுமே தொடுகிறது. சூடு போக வழி அந்தப் புள்ளி மட்டும். இரண்டரை மில்லிமீட்டர் அகல உளிமுனையானால் தட்டையாகப் படியும். நுனியில் துளி ஈயம் ஈரமாக இருந்தால், அது இடுக்குகளில் புகுந்து காற்றை விரட்டி, சூட்டுக்குப் பாலமாகிறது. பல நேரம் அயர்னை மாற்றவே தேவையில்லை, பிட்டை மாற்றினால் கிரவுண்ட் கால் ஓடிவிடும். காசு குறைவு, பலன் அதிகம்; ஏனோ யாரும் முதலில் இதைச் சொல்வதில்லை.

பழைய செம்புப் பிட்டுகளில் சில மாதங்களிலேயே குழி விழும். எரிந்துபோனதாக நினைப்போம், உண்மையில் செம்பு உருகிய வெள்ளீயத்தில் கரைந்துபோகிறது. எனவே அரத்தால் ராவி வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். இப்போதைய பிட்டுகளில் செம்பின்மேல் இரும்புப் பூச்சு உண்டு. இரும்பு மிக மெதுவாகவே கரையும். பின்பகுதியில் குரோமியம், ஈயம் அதில் ஒட்டாது, மேலே ஏறாமல் நிற்கும். பழக்கதோஷத்தில் இந்தப் பிட்டில் அரத்தைப் போட்டால் பூச்சு போய்விடும், பிட்டும் கூடவே. பித்தளைச் சுருளில் குத்தி எடுப்பதும், அணைக்குமுன் நுனியில் ஈயம் தடவி வைப்பதும் போதும்.

கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று எர்த். இரண்டு பின் பிளக் உள்ள அயர்னின் பிட்டை நியான் டெஸ்டரால் தொட்டால் சில சமயம் மங்கலாக எரியும். அயர்ன் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. 230 வோல்ட் சுருளுக்கும் பிட்டுக்கும் நடுவே இருக்கும் காப்பு ஒரு சின்ன மின்தேக்கியாக வேலை செய்து கொஞ்சம் கசிய விடுகிறது. நமக்கு உறைக்காது. ஆனால் சாதாரண மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரின் கேட் முனை தாங்குவது 20 வோல்ட் அளவுதான். அதன் ஆக்சைடுப் படலம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூன்று பின் பிளக்கும், நிஜமாகவே எர்த் உள்ள சாக்கெட்டும் இருந்தால் பிட் பூமியோடு சேர்ந்து இந்தத் தொல்லை தீரும்.

டைப்-சி சார்ஜரில் ஓடும் பைன்சில் போன்ற சின்ன அயர்ன்கள் இப்போது வந்திருக்கின்றன. கார்ட்ரிஜ் இனம்தான், மீட்சி நன்றாக இருக்கிறது. ஆனால் இவற்றின் வாட், சார்ஜரைப் பொறுத்தது. பிட்டின் தடை 8 ஓம் என்றால் 20 வோல்ட் கொடுக்கும் சார்ஜரில் 50 வாட் கிடைக்கும். 9 வோல்ட்டில் பத்து. பழைய போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் மூன்று வாட்தான், அதில் ஈயம் உருகாது. இரண்டு பின் லேப்டாப் சார்ஜராக இருந்தால் மேலே சொன்ன கசிவும் இங்கே உண்டு.

எதை வாங்கலாம்? மாதத்துக்கு ஒருமுறை வயர் ஒட்டவும், ஒற்றைப் பக்க போர்டில் சின்னச் சின்ன சர்க்யூட் செய்து பார்க்கவும் மட்டும்தான் என்றால் 25 வாட் அயர்னைக் குறை சொல்ல மாட்டேன். உளிமுனைப் பிட் ஒன்று கிடைத்தால் மாட்டிக்கொள்ளுங்கள். மதர்போர்டு, பவர் சப்ளை, இன்வெர்ட்டர் என்று பழுது பார்ப்பவர்கள் 60, 70 வாட் கார்ட்ரிஜ் ஸ்டேஷனுக்குக் குறைந்து போக வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 ஜூலை 1 முதல் காரீயத்துக்குக் கட்டுப்பாடு வந்தபின், போன்களிலும் கணினிகளிலும் இருப்பது வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை. அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். 183-க்கே திணறும் அயர்ன் அங்கே எடுபடாது. பழைய பொருள் விற்கும் கடையில் வெல்லர் காந்தப் பிட் ஸ்டேஷன் அகப்பட்டால் பிட்டின் அடியைத் திருப்பிப் பாருங்கள், ஒரு எண் பொறித்திருக்கும். அது நூறுகளில் ஃபாரன்ஹீட்: 6 என்றால் 316 டிகிரி செல்சியஸ், 7 என்றால் 371, 8 என்றால் 427. நம் ஈயத்துக்கு 6-உம் 7-உம் சரி. 8 மட்டும்தான் இருக்கிறது என்றால் வேறு பிட் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.